சட்டம் எந்த மொழியில் பேசுகிறது?

(பெங்களூரு, ஹெப்பகோடியில் உலக மகளிர் நாளையொட்டி நடைபெற்ற தமிழ்த் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



துணி துவைக்கவும், ஊருக்குப் பேசவும், சற்றே கூடுதலாக உறங்கவும் உங்களுக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அந்த நாளிலிருந்து இரண்டு மணி நேரத்தை எடுத்து இக்கூட்டத்துக்கு அளித்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் என் நன்றி.

நான் மேடையில் பேசிப் பழகியவள் அல்லள். கட்சியின் தீர்மானங்களையும் அறிக்கைகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவதே பல ஆண்டுகளாக எனக்கு அளிக்கப்பட்டிருக்கும் பணி. ஆகவே, என் கைக்கு வந்த ஒரு தாளைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு ஜூலை மாதம். இப்பகுதியிலுள்ள ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் தையல் பிரிவில் வேலை செய்துவந்த சகோதரி ஒருவர், நான்காக மடித்த தாளொன்றை என்னிடம் கொண்டுவந்தார். தருமபுரி மாவட்டத்துக்காரர். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். கன்னடம் சரளமாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. ஆங்கிலம் அறவே தெரியாது. "அக்கா, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

தாளில் ஆங்கிலத்தில் ஏழு வரிகள் இருந்தன. கீழே அவருடைய கையொப்பம். லைன் மேற்பார்வையாளர் மீது தாம் வாய்மொழியாகக் கூறிய புகார் தவறான புரிதலால் எழுந்தது. அது பேசித் தீர்க்கப்பட்டுவிட்டது. இனித் தமக்கு எக்குறையும் இல்லை. இதுவே அந்த ஏழு வரிகளின் சாரம். தமிழில் வரிவரியாகச் சொன்னேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "லைன் மாத்திக் குடுக்கறோம்னு சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க" என்றார்.

தோழர்களே, சட்டம் இல்லாத நாடு அல்ல நம்முடையது. 'பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் (தடுப்பு, தடை மற்றும் தீர்வு) சட்டம்' 2013ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தத் தாளைப் படித்துப் பாருங்கள்.

புகாரை எழுத்தில் அளிக்க இயலாத பெண்ணுக்கு, அதை எழுத்தாக்கத் தேவையான எல்லா நியாயமான உதவியையும் செய்வது புகார்க் குழுவின் கடமை என்கிறது 9ஆம் பிரிவு. இச்சகோதரி வாய்மொழியாகச் சொன்னபோதே அது எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படவில்லை. சமரசம் என்பது பாதிக்கப்பட்ட பெண் தாமே கேட்டால் மட்டுமே, விசாரணை தொடங்குமுன் மட்டுமே நடக்கலாம். பணம் அதற்கு அடிப்படையாக இருத்தல் கூடாது என்கிறது 10ஆம் பிரிவு. இவர் கேட்கவில்லை. விசாரணை நடக்கும் காலத்தில் அப்பெண்ணை வேறிடத்துக்கு மாற்றுமாறோ, அவருக்கு உரிய விடுப்புக்கு மேல் மூன்று மாதம் வரை விடுப்பு அளிக்குமாறோ, குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய வேலையை மதிப்பிடாதபடி தடுக்குமாறோ குழு பரிந்துரைக்கலாம். அவர் எழுத்தில் கேட்க வேண்டும், அவ்வளவே. குழு பரிந்துரைத்தால் நிர்வாகம் அதைச் செய்தே ஆக வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு.

ஆக, எந்த 'லைன் மாற்ற'த்துக்காக அவர் தம் புகாரை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டாரோ, அது புகாரோடு சேர்த்தே அவர் கேட்டுப் பெற்றிருக்கக்கூடிய ஒன்று. அவருக்கு உரியதை அவருக்கே விலைக்கு விற்றிருக்கிறார்கள். சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. தாளும் ஆங்கிலத்தில் இருந்தது. நடுவில் நின்ற பெண்ணுக்கு இரண்டுமே எட்டவில்லை.

பணியிடத்தில், எவரும் எளிதில் காணும் இடத்தில், பாலியல் துன்புறுத்தலுக்கான தண்டனை விவரத்தையும் புகார்க் குழுவை அமைத்த ஆணையையும் முதலாளி ஒட்டிவைக்க வேண்டும் என்று 19ஆம் பிரிவு கூறுகிறது. எந்த மொழியில் என்று அப்பிரிவு கூறவில்லை. கன்னடம், தமிழ், தெலுங்கு, ஒடியா, இந்தி, அசாமியம் என்று ஒரே கூரையின்கீழ் அரை டஜன் மொழிகள் பேசப்படும் இந்தப் பொம்மசந்திரா வட்டாரத்தில், அந்தச் சுவரொட்டி எவருக்காக ஒட்டப்படுகிறது என்பதை நீங்களே சொல்லுங்கள்.

சட்டம் எவ்வாறு வந்தது?

இச்சட்டம் எவரும் மனமிரங்கிக் கொடுத்ததன்று. 1992ஆம் ஆண்டின் இரண்டு நிகழ்வுகளை இங்கே நினைவுகூர வேண்டும்.

ராஜஸ்தானில் பத்தேரி என்ற சிற்றூரில், அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டப் பணியாளராக இருந்தவர் பன்வாரி தேவி. ஆதிக்க சாதிக் குடும்பமொன்றில் நடக்கவிருந்த குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முனைந்தார். அது அவருடைய வேலை. அந்த வேலையைச் செய்ததற்காக 1992 செப்டம்பரில் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டோரை அக்குற்றத்திலிருந்து விடுவித்தது. இக்கொடுமையைக் கண்டு கொதித்தெழுந்த மகளிர் அமைப்புகள் அதற்கு முன்பே உச்ச நீதிமன்றத்தை நாடியிருந்தன. 1997 ஆகஸ்ட் 13 அன்று வெளியான விசாகா தீர்ப்பு, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான நெறிமுறைகளை முதன்முறையாக வகுத்தது. அந்நெறிமுறைகள் சட்டமாவதற்கு மேலும் 16 ஆண்டுகள் ஆயின. அதன் பயனை இன்று கோடிக்கணக்கான பெண்கள் கோரலாம். பன்வாரி தேவிக்கு மட்டும் நீதி கிட்டவில்லை.

மற்றது நம் ஊர்ப்பக்கத்து நிகழ்வு. உங்களில் பலர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அரூருக்கு அருகிலுள்ள வாச்சாத்தியை அறியாதவர் இருக்க மாட்டீர்கள். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டைத் தேடல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அம்மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தனர். 18 பெண்கள் வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டனர். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றார்கள் ஆட்சியாளர்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் செங்கொடி இயக்கத் தோழர்களும் ஊரை விட்டு அகலாமல் நின்று, சாட்சியம் திரட்டி, வழக்கை நடத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 ஆண்டுகள்! எழுத்தறிவு இல்லாத பெண்களின் சொல், அதிகாரிகளின் கோப்புகளுக்கு எதிரே நின்று வென்றது. பின்னால் ஓர் அமைப்பு இருந்ததால் நின்றது.

குழுவை யார் அமைக்கிறார்கள்?

இனி நம் ஆலைகளுக்கு வருவோம். 10 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் உள் குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும். ஊழியர்களில் குறைந்தது இருவர், வெளியிலிருந்து மகளிர் நலனில் ஈடுபாடுள்ள தொண்டு அமைப்பைச் சார்ந்த ஒருவர். மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். 90 நாட்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். குழுவை அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் தவறினால் இருமடங்குத் தண்டனையும் உரிமம் பறிபோகும் வாய்ப்பும் உண்டு.

கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் 4ஆம் பிரிவை ஊன்றிப் படியுங்கள். உறுப்பினர்கள் தொழிலாளர்களால் தேர்ந்தெடுக்கப்படுவர் என்று அங்கே இல்லை. முதலாளியால் நியமிக்கப்படுவர் என்றே இருக்கிறது. வெளியிலிருந்து வரும் உறுப்பினருக்குக் கட்டணம் கொடுப்பவரும் முதலாளியே. உற்பத்தி இலக்குக்காக மேற்பார்வையாளரைக் கத்தவைக்கும் அதே நிர்வாகம், அந்த மேற்பார்வையாளர் மீதான புகாரை விசாரிப்போரையும் தேர்ந்தெடுக்கிறது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமே, பத்தாண்டுகள் ஆகியும் இச்சட்டத்தின் செயலாக்கத்தில் கடும் குறைபாடுகள் இருப்பதாக வருந்தியது. மேலாளர்களின் அக்கறைக்குறைவை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்வது போதாது. தொழிலாளிப் பெண்ணின் கை எட்டாத இடத்தில் குழு இருப்பதே முதன்மைக் காரணம் என்பது என் கருத்து.

ஹெப்பகோடி கண்ட ஏப்ரல்

தோழர்களே, வரும் ஏப்ரலோடு பத்து ஆண்டுகள் நிறைகின்றன. 2016 பிப்ரவரி 10 அன்று ஒன்றிய அரசு வருங்கால வைப்பு நிதி குறித்து ஓர் அறிவிக்கை வெளியிட்டது. வேலையை விட்டு விலகுவோர் தம் பங்குத் தொகையை மட்டுமே எடுக்கலாம், முதலாளியின் பங்கை 58 வயதுக்குப் பிறகே எடுக்க முடியும் என்றது அது. நாற்பது வயதிலேயே கண்ணும் முதுகும் தேய்ந்து தையல் இயந்திரத்தை விட்டு எழுந்துவிடும் பெண்களுக்கு, 58 வயது என்பது கேலிப் பேச்சு. ஏப்ரல் 18 அன்று பெங்களூரு ஆடை ஆலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓசூர் சாலைக்கு வந்தார்கள். எந்த மையச் சங்கமும் அவர்களை அழைக்கவில்லை. மறுநாள் போராட்டம் நகரெங்கும் பரவியது. தடியடியும் கண்ணீர்ப் புகையும் வந்தன. இதே ஹெப்பகோடி காவல் நிலையத்தில் வாகனங்கள் எரிந்த செய்தி நாடெங்கும் போயிற்று. அந்த 19ஆம் தேதியே ஒன்றிய அரசு அறிவிக்கையைத் திரும்பப் பெற்றது.

1917 மார்ச் 8 அன்று பெத்ரோகிராத் நகரில் முதலில் வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்தவர்களும் நெசவாலைப் பெண்கள்தாம். நெய்யும், தைக்கும் பெண்களின் வலிமை நமக்குப் புதிதன்று.

எனினும் ஒரு கேள்வி என்னை விடாமல் தொடர்கிறது. இரண்டே நாளில் ஒன்றிய அரசைப் பின்வாங்கச் செய்த பெண்கள், ஒரு மேற்பார்வையாளரின் முன்னால் ஏன் தனியாக நிற்கிறார்கள்? வைப்பு நிதி மீதான அடி எல்லார் மீதும் ஒரே நாளில் விழுந்தது. ஆகவே எல்லாரும் ஒரே நாளில் எழுந்தார்கள். பாலியல் துன்புறுத்தல் ஒவ்வொருவர் மீதும் தனித்தனியாக, வெவ்வேறு நாளில், எவரும் பாராத மூலையில் விழுகிறது. விழுந்த பிறகு வெட்கமும், வேலை போய்விடும் என்ற அச்சமும், வீட்டில் தெரிந்தால் ஊருக்கு அழைத்துப் போய்விடுவார்கள் என்ற கவலையும் சேர்ந்து வாயை அடைக்கின்றன. இத்தனித் துயரத்தைப் பொதுக் கோரிக்கையாக்குவதே தொழிற்சங்கத்தின் வேலை. அது முடியாத ஒன்றன்று. ஒரு சிறிய நாட்டின் பெண்கள் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

லெசோத்தோ

தென்னாப்பிரிக்கா என்ற பெரிய நாட்டால் நாற்புறமும் சூழப்பட்ட மலைநாடு லெசோத்தோ. பரப்பளவில் தமிழ்நாட்டின் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. மக்கள்தொகை 20 லட்சத்துக்குச் சற்று மேல். அங்கே 2006ஆம் ஆண்டு வரை, திருமணமான பெண் சட்டத்தின் பார்வையில் மைனராகவே கருதப்பட்டாள். கணவனின் ஒப்புதல் இன்றி ஒப்பந்தம் செய்யவோ, கடன் பெறவோ, வழக்குத் தொடுக்கவோ அவளால் இயலாது. அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டமே அந்நிலையை மாற்றியது. குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் அங்கு 2022இல்தான் வந்தது. நமக்கு அது 2005லேயே வந்துவிட்டது. ஏட்டுக் கணக்குப்படி நாம் அவர்களைவிடப் பல ஆண்டுகள் முன்னால் இருக்கிறோம்.

அந்நாட்டில் தனியார் துறையில் மிகுதியானோருக்கு வேலை தருவது ஆயத்த ஆடைத் தொழில். தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். தைவானைச் சேர்ந்த நியென் சிங் நிறுவனத்தின் ஆலைகளில், அமெரிக்கச் சந்தைக்கு ஜீன்ஸ் தைக்கப்படுகிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும் வேலையில் நீடிக்கவும் மேற்பார்வையாளர்கள் பாலுறவைக் கோரினர் என்ற கொடுமையைத் தொழிலாளர் உரிமைக் கூட்டமைப்பு என்ற அமைப்பு விசாரித்து 2019இல் வெளிப்படுத்தியது. அந்த ஆலைகளிலும் ஆடை நிறுவனங்களின் 'நன்னடத்தை விதிகள்' இருந்தன. தணிக்கையாளர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய அறிக்கைகளில் இக்கொடுமை ஏறவில்லை.

2019 ஆகஸ்டில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதில் கையெழுத்திட்டவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள்: மூன்று தொழிற்சங்கங்கள், இரண்டு மகளிர் உரிமை அமைப்புகள், ஆலை நிறுவனம், லெவி ஸ்ட்ராஸ் உள்ளிட்ட மூன்று அமெரிக்க ஆடை நிறுவனங்கள். ஐந்து ஆலைகள், ஏறத்தாழ 10,000 தொழிலாளர்கள் அதன்கீழ் வந்தனர். புகாரை விசாரிப்பது நிர்வாகம் நியமிக்கும் குழு அன்று. சுயேச்சையான ஒரு கண்காணிப்பகம். அதன் முடிவுக்கு நிர்வாகம் கட்டுப்பட வேண்டும். கட்டுப்படாவிட்டால் ஆடை நிறுவனங்கள் ஆர்டரைக் குறைக்க வேண்டும். புகார் செய்தவரைப் பழிவாங்குவது தடுக்கப்பட்டது. பயிற்சி வகுப்புகள் வேலை நேரத்துக்குள் வந்தன. நேற்றுவரை சட்டம் மைனராகக் கருதிய பெண்களின் சங்கங்கள், உலகின் பெரும் ஆடை நிறுவனங்களை ஒப்பந்தத்தால் கட்டிப்போட்டன.

திண்டுக்கல்

இந்த வழி தமிழ்நாட்டுக்கும் வந்தது. 2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்ட ஆடை ஆலை ஒன்றில் பணிபுரிந்த இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஓராண்டுக்கும் மேலாகப் போராடியது. நாடு கடந்த ஆதரவும் திரண்டது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும், எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பன்னாட்டு ஆடை நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாடும் அதில் சேர்க்கப்பட்டது நமக்கு முக்கியமானது.

அவ்வொப்பந்தத்தின் உயிர்நாடி, தளக் கண்காணிப்பாளர்கள் என்ற ஏற்பாடு. ஏறத்தாழ 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் வீதம், சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்த தொழிலாளர்கள் ஒவ்வொரு லைனிலும் இருக்கிறார்கள். பக்கத்து இயந்திரத்தில் தைப்பவரே புகாரைக் கேட்பவர். அவர் கேட்பது தொழிலாளியின் மொழியில். முதலாண்டில் அவர்கள்வழி எழுந்த 185 குறைகளில் 182 தீர்க்கப்பட்டதாக அறிக்கை வெளியானது. புகார் எழவில்லை என்று பெருமை பேசும் ஆலைகளின் பக்கத்தில் இந்த 185 என்ற எண்ணை வைத்துப் பாருங்கள். பேச முடிந்தது என்பதற்கு அதுவே சான்று.

எல்லைகளும் அபாயங்களும்

இவற்றைச் சொல்லும்போதே இவற்றின் எல்லையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். ஆர்டர் இருக்கும் வரைதான் ஆடை நிறுவனத்தின் பிடி ஆலையின் மீது இருக்கும். 2025 ஏப்ரலில் டிரம்ப் அறிவித்த இறக்குமதி வரிப் பட்டியலில் லெசோத்தோவுக்கு 50 விழுக்காடு விதிக்கப்பட்டது. பின்னர் அது 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டாலும், அதற்குள் ஆர்டர்கள் நின்று ஆலைகள் ஆட்டம் கண்டன. ஜூலையில் அந்நாட்டு அரசு வேலையின்மைக்காகத் தேசியப் பேரிடர் நிலையை அறிவிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதும் 50 விழுக்காடு வரி விழுந்தபோது திருப்பூர் பட்ட பாட்டை நாம் அறிவோம். வேலையே நிலையற்றிருக்கும் இடத்தில் புகார் செய்யும் துணிவும் நிலையற்றதாகிவிடும். எனவே பெண்களின் பாதுகாப்பை ஏகாதிபத்தியச் சந்தையின் தயவில் மட்டும் விட்டுவிட முடியாது. நாட்டின் சட்டத்திலும் அது வேரூன்ற வேண்டும்.

அதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019 ஜூன் 21 அன்று 190ஆம் உடன்படிக்கையை ஏற்றது. வேலை உலகில் நிகழும் எல்லா வன்முறையும் துன்புறுத்தலும் அதன் வரையறைக்குள் வருகின்றன. ஒருமுறை நிகழ்ந்தாலும் வன்முறையே. உடலை, மனத்தை, பிழைப்பை எதைத் தாக்கினாலும் வன்முறையே. ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சியாளர், வேலை தேடி வந்தவர், வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், வேலைக்குப் போய்வரும் பாதை, நிர்வாகம் தரும் விடுதி என எல்லாம் அடங்கும். இலக்கை முடிக்காத பெண்ணை எல்லார் எதிரிலும் இழிசொல்லால் திட்டுவதும், கழிவறைக்குப் போகவிடாமல் தடுப்பதும் நம் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் எளிதில் இடம்பெறா. அவ்வுடன்படிக்கையின் வரையறைக்குள் அவற்றுக்கு இடமுண்டு.

முதலில் ஏற்புறுதி அளித்த நாடு உருகுவே. இரண்டாவது நாடு பிஜி. அவ்விரண்டு சிறு நாடுகள் ஏற்றதால்தான் 2021 ஜூன் 25 முதல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. பிஜித் தீவு நமக்கு அயலன்று. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட நம் பெண்கள் அங்குள்ள கரும்புத் தோட்டங்களில் பட்ட துன்பத்தைப் பாரதி நெஞ்சுருகப் பாடினார். கங்காணிகளின் சவுக்குக்கும் காமத்துக்கும் பெண் தொழிலாளர் இரையான அந்த மண், இவ்வுடன்படிக்கையை உலகில் இரண்டாவதாக ஏற்றது. லெசோத்தோவும் 2023இல் ஏற்றது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

மாறாக நடப்பது என்ன? 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. பெண்களின் சம்மதத்தோடு, பாதுகாப்பு ஏற்பாடுகளோடு, அவர்களை இரவுப்பணியில் ஈடுபடுத்தலாம் என்கிறது அதில் ஒன்று. கர்நாடகம் 2023லேயே தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, இரவுப்பணிக்கும் 12 மணி நேர வேலைநாளுக்கும் வழி திறந்துவிட்டது. பெண்கள் இரவில் வேலை செய்வதை நாம் எதிர்க்கவில்லை. செவிலியரும் தூய்மைப் பணியாளரும் காலங்காலமாகச் செய்கிறார்கள். 'சம்மதம்' என்ற அந்தச் சொல்லைப் பற்றியே எனக்குக் கவலை. தனக்குத் தெரியாத மொழியில் அச்சடித்த படிவத்தின் கீழே, வேலை போய்விடும் என்ற அச்சத்தோடு இடப்படும் கையெழுத்து சம்மதமா? என்னிடம் வந்த அந்தத் தாளும் சட்டப்படி ஒரு சம்மதத் தாள்தான். 2005 டிசம்பரில், இதே பெங்களூருவில், இரவுப்பணிக்குப் புறப்பட்ட கால் சென்டர் ஊழியர் ஒருவர் வண்டி ஓட்டியவராலேயே கொல்லப்பட்டார். பாதுகாப்பு என்பது தாளில் முடிவதன்று.

நம் பக்கத்துக் குறை

இனி, சொல்லக் கடினமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அச்சகோதரிக்குத் துன்பம் நேர்ந்தது பிப்ரவரியில். என்னிடம் வந்தது ஜூலையில். புகார் அளிக்கச் சட்டம் தரும் காலம் மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். "ஏம்மா இவ்வளவு நாள்?" என்று கேட்டேன். நிகழ்ந்த இரண்டாம் வாரமே அவர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். சொன்னது நம் தோழர் ஒருவரிடம். "வேலையைப் பாரும்மா, இதைப் பெருசு பண்ணாதே, உனக்குத்தான் கெட்ட பேரு" என்று அவர் அறிவுரை கூறி அனுப்பியிருக்கிறார்.

அத்தோழர் கெட்டவர் அல்லர். போனஸ் பிரச்சினைக்காகச் சிறை சென்றவர். ஆனால் போனஸ் அவருக்குச் சங்கப் பிரச்சினையாகவும், இது அப்பெண்ணின் சொந்தப் பிரச்சினையாகவும் தோன்றியிருக்கிறது. இக்குறை அவர் ஒருவருடையதாக மட்டும் இருந்திருந்தால் இந்த மேடையில் சொல்லியிருக்க மாட்டேன். நானும் அந்த ஐந்து மாதங்களில் இரண்டு மாநாட்டு அறிக்கைகளைத் தமிழாக்கினேன். இச்சட்டத்தின் நான்கு பக்கச் சுருக்கத்தைத் தமிழாக்கி இந்தத் தெருவில் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கால நீட்டிப்பு கேட்டு விண்ணப்பம் எழுதி முடித்த வாரத்தில், அச்சகோதரி வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். அவர் இல்லாமல் அதை அளிக்க முடியவில்லை. விண்ணப்பம் என்னிடமே இருக்கிறது.

இக்கூட்டத்தில் நான் முன்வைக்க விரும்பும் வேலைகள் இவை.

முதலாவது, ஒவ்வோர் ஆலையிலும் உள் குழு உறுப்பினர்கள் யார் என்பதைக் கண்டறிந்து எழுதி வைப்போம். பெயர் ஒட்டப்படாத ஆலையின் விவரத்தையும் சேர்ப்போம். அதுவே நம் முதல் மனுவுக்கு ஆதாரமாகும்.

இரண்டாவது, அறிவிப்புகளும் படிவங்களும் தொழிலாளர் பேசும் எல்லா மொழிகளிலும் இருக்க வேண்டும். உள் குழுவின் ஊழியர் பிரதிநிதிகளைத் தொழிலாளிப் பெண்களே தேர்ந்தெடுக்க வேண்டும். இவ்விரண்டும் ஊதியக் கோரிக்கைக்கு அடுத்த பக்கத்தில் அல்ல, அதே பக்கத்தில் நம் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

மூன்றாவது, படித்துப் பாராமல், படித்துக் காட்டச் செய்யாமல் எவரும் எந்தத் தாளிலும் கையெழுத்திடக் கூடாது. ஒவ்வொரு தெருவிலும் படித்துச் சொல்ல ஒருவரை நாம் நிறுத்த வேண்டும். அவ்வரிசையில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காவது, வீட்டு வேலை செய்வோர், 10 பேருக்குக் குறைவான சிறு பட்டறைகளில் தைப்போர், முதலாளி மீதே புகார் உள்ளோர் ஆகியோருக்கு மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு இருக்கிறது. அங்கே உடன் செல்லும் பெண் தோழர்களை நாம் பயிற்றுவிக்க வேண்டும். உடனடி உதவிக்கு 181 என்ற எண்ணை எல்லாருக்கும் சொல்லித் தர வேண்டும்.

ஐந்தாவது, ஆண் தோழர்களுக்கு. ஒரு பெண் உங்களிடம் வந்து சொன்னால், அவர் அடுத்து யாரிடம் சொல்வது என்று பலநாள் யோசித்தபின் உங்களிடம் வந்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். அறிவுரை கூறாதீர்கள். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், மூன்று மாதக் கணக்கு அன்றே ஓடத் தொடங்கியிருக்கும்.

சட்டத்தின் சுருக்கத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி எடுத்து வந்திருக்கிறேன். வாசலில் மேசை மீது இருக்கிறது. பின்பக்கத்தில், ஆலையின் உள் குழு உறுப்பினர் பெயர்களை எழுத இடம் விட்டிருக்கிறேன். ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த இடத்தை நிரப்பிக்கொண்டு வாருங்கள். நிரப்ப முடியாவிட்டாலும் வாருங்கள். ஏன் முடியவில்லை என்பதிலிருந்து நம் வேலையைத் தொடங்குவோம்.